இளநீர் எல்லாருக்கும் நல்லதா?

இன்னைக்கு எபிசோட்ல கோடிங் கிடையாது. அப்பாவைப் பத்திப் பேசணும்.

அப்பாவுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய், நாலாவது ஸ்டேஜ். போன மே மாசம், வெயில் தாங்கலையேன்னு தினமும் ரெண்டு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். இயற்கையானதுதானே, என்ன ஆகிடப்போகுதுன்னு நினைப்பு. அடுத்த ரத்தப் பரிசோதனையில பொட்டாசியம் 6.2. அன்னைக்கே அட்மிட். அவ்வளவு ஏறினா இதயத் துடிப்பே தடுமாறலாம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்னென்ன குடிக்கிறார்?"

ஒரு டம்ளர் இளநீர்ல சுமார் 400 முதல் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கு. நல்ல சிறுநீரகம் அதிகமானதை வெளியேத்திடும். பழுதான சிறுநீரகத்தால முடியாது. ஆரஞ்சு ஜூஸும் இதே கதைதான். கோலாவுல வேற சிக்கல்: பாஸ்பாரிக் அமிலம். உப்பு போட்ட மோர் தாகத்தைக் கூட்டும்.

சரி, தண்ணி? எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. ஆரம்பக் கட்டத்துல பலருக்குக் கட்டுப்பாடே இருக்காது. அப்பாவுக்கு டாக்டர் சொன்னது ஒன்றரை லிட்டர். காலையில அந்த அளவை பாட்டில்ல நிரப்பிடுவோம். காபியோ ரசமோ குடிச்சா, அதே அளவு தண்ணியை பாட்டில்லேருந்து எடுத்துடுவோம். மிச்சம் இருக்கிறதுதான் அன்னைக்கு பேலன்ஸ்.

உங்க வீட்டுலயும் சிறுநீரக நோய் உள்ளவங்க இருந்தா, கடைசி ரிப்போர்ட்டோட டாக்டர்கிட்ட கேளுங்க: எதைக் குடிக்கலாம், எவ்வளவு? நான் கேட்காம விட்டது அதைத்தான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.