பி.பி.ஸ்ரீநிவாஸ் பாட்டுகள் ஏன் இன்னும் நிலைத்திருக்கின்றன?

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பழகியவன், நேரத்துக்கு ஷட்டரை இறக்கிவிடுவேன். பயப்பட வேண்டாம்.

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. பாட்டைச் சொல்ல மாட்டேன், படத்தின் பெயரை மட்டும் சொல்கிறேன். பாவ மன்னிப்பு. சுமைதாங்கி. போலீஸ்காரன் மகள். வீரத்திருமகன். சர்வர் சுந்தரம். ராமு. பார்த்தீர்களா, அதற்குள் பின்வரிசையில் இரண்டு பேர் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்! இந்த ஆறு படங்களும் 1961க்கும் 1966க்கும் நடுவில் வந்தவை. ஆனால் அந்தப் பாட்டுகள் இன்றும் நம் வாயில் தயாராக இருக்கின்றன. ஏன் என்பதுதான் என் பேச்சு.

ஸ்ரீநிவாஸ் 1930இல் காக்கிநாடாவில் பிறந்தவர். என்னைப் போல பி.காம். படித்தவர். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். பையனுக்குப் பாட்டில் யோகம் இல்லை என்று ஜோசியர் ஒருவர் சொல்லிவிட்டதாக ஒரு கதை உண்டு. 1952இல் ஜெமினி ஸ்டூடியோவின் ‘மிஸ்டர் சம்பத்’ என்ற இந்திப் படத்தில் பாட ஆரம்பித்தார். அடுத்த வருடம் தமிழில் பாடிய படத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘ஜாதகம்’!

அந்தக் காலத்தில் பாடகர் என்றால் குரல் கொட்டகையின் கடைசி பெஞ்சு வரை போக வேண்டும். டி.எம்.எஸ். அவர்களின் கம்பீரம் அதற்கு உதாரணம். ஸ்ரீநிவாஸ் வேறு வழியில் போனார். கீழ் ஸ்தாயியில், சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் பேசுவது போலப் பாடினார். நல்ல மைக் இருக்கும்போது கத்த வேண்டியதில்லை என்று புரிந்துகொண்டவர் அவர். ஜெமினி கணேசனுக்கு அந்தக் குரல் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தியது. கன்னடத்தில் ராஜ்குமாருக்கும் பல வருடம் அவர்தான் குரல். கர்நாடகத்தில் இன்றும் அவரைத் தங்கள் ஊர்க்காரர் என்றுதான் நினைக்கிறார்கள்.

இதில் நமக்கும் ஒரு லாபம் உண்டு. அவர் பாட்டை யார் வேண்டுமானாலும் குளிக்கும்போது பாடிப் பார்க்கலாம். சாதாரண மனிதனின் தொண்டைக்கு எட்டும் சுருதி. பாடிப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், அது வேறு விஷயம்.

சுமைதாங்கி பாட்டுக்கு வருகிறேன். எழுதியவர் கண்ணதாசன், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. கவிஞர் வாலி சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் வெறுத்துப்போய், ஊரை விட்டே கிளம்பிவிட நினைத்த நேரம். அப்போது ஸ்ரீநிவாஸ் இந்தப் பாட்டைப் பாடிக் காட்டினார். வாலி முடிவை மாற்றிக்கொண்டு சென்னையிலேயே இருந்துவிட்டார். வாலியே பல மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

நான் வங்கியில் சேர்ந்த நாட்களில் அரையாண்டுக் கணக்கு முடிப்பு உண்டு. ஜூன் 30, டிசம்பர் 31 என்றால் வீட்டுக்குப் போவது நடுராத்திரிக்கு மேல்தான். லெட்ஜர் டேலி ஆகாது. ஏழு ரூபாய் சில்லறை எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கும். எல்லோரும் கடுகடுவென்று இருக்கும்போது, மூலையில் யாராவது ஒருவர் இந்தப் பாட்டை மெல்ல ஆரம்பிப்பார். ஏழு ரூபாய் கிடைக்காது. ஆனால் மறுபடி முதல் பக்கத்திலிருந்து கூட்டிப் பார்க்கத் தெம்பு வரும்.

அந்தப் பாட்டின் அறிவுரையோடு எனக்குக் கொஞ்சம் பிணக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்து ஆறுதல் அடையச் சொல்கிறது அது. தொழிற்சங்கத்தில் இருந்தவனுக்கு இது எப்படிப் பிடிக்கும்? அப்படி ஆறுதல் அடைந்திருந்தால் ஒரு சம்பள ஒப்பந்தமும் வந்திருக்காதே! இருந்தாலும் அந்தப் பாட்டு என்னைத் தொடுகிறது. காரணம், பாடுகிறவர் மேடையில் நின்று உபதேசம் செய்யவில்லை. நம் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டுச் சொல்கிறார். நாம் வார்த்தையை ஒப்புக்கொள்கிறோமோ இல்லையோ, அந்தக் கையை ஒப்புக்கொள்கிறோம்.

“ஏன் இந்த அழுமூஞ்சிப் பாட்டையே கேட்கிறீர்கள்?” என்று வீட்டில் பிள்ளைகள் கேட்கிறார்கள். நம் தலைமுறை ஆண்களுக்கு அழ அனுமதி இருந்ததில்லை. அப்பா இறந்தால்கூட, பந்தல்காரருக்குப் பணம் கொடுக்கிற வேலை நமக்குத்தான். உள்ளே அடக்கிவைத்ததை இந்தக் குரல் நமக்காக வெளியே சொன்னது. அதனால்தான் கேட்டு முடித்ததும் மனசு பாரமாகாமல் லேசாகிறது.

1969க்குப் பிறகு எஸ்.பி.பி. அவர்களின் காலம் வந்தது. ஜெமினிக்கே அவர் பாட ஆரம்பித்துவிட்டார். ஸ்ரீநிவாஸுக்கு வாய்ப்புகள் குறைந்தன. அதற்காக அவர் மூலையில் முடங்கிவிடவில்லை. தலையில் தொப்பி, பையில் கலர் கலராகப் பேனாக்களுடன் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலில் உட்கார்ந்து, பல மொழிகளில் கவிதை எழுதிக்கொண்டிருப்பார். ஏறக்குறைய எண்பது வயதில், 2010இல் வெளிவந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தில் மறுபடி பாடினார். 2013 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று மறைந்தார். ஓய்வு பெற்ற நாம் எல்லோரும் பார்த்துப் படிக்க வேண்டிய வாழ்க்கை அது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் வளாகத்தில் இரவு நடைக்குப் போகும்போது சில பால்கனிகளிலிருந்து இந்தப் பாட்டுகள் கேட்கும். அவற்றில் சில வீடுகளில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். துணை போய்விட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். கூப்பிட்டால் “இன்னொரு நாள் பார்க்கலாம்” என்பார்கள். இன்றைய கூட்டத்துக்கும் அவர்கள் வரவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, இந்த ஹாலில் ஒரு ஸ்பீக்கர் வைத்து எல்லோரும் சேர்ந்து பாட்டுக் கேட்டால் என்ன? பேச்சு வேண்டாம், போட்டி வேண்டாம், மேடையும் வேண்டாம். யாருக்குப் பிடித்த பாட்டு எது என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்வோம். தன் பாட்டு வரப்போகிறது என்றால் மனிதர் கீழே இறங்கி வருவார். அந்தப் பட்டியல் எழுத நான் தயார். காபிச் செலவைச் சங்கம் ஏற்கட்டும்.