முகமும் ஒளியும்



பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் இல்லங்களில் பெரும்பாலும் ஒரு காட்சியைக் காணலாம். கூடத்துச் சுவரில் ஊரிலிருக்கும் தாயின் படமோ, மறைந்துவிட்ட தந்தையின் படமோ தொங்கும். அங்கே பிறந்து வளரும் குழந்தைகளுக்குப் பாட்டியின் முகம் பெரும்பாலும் அப்படத்தின் வழியாகவே அறிமுகமாகிறது. ஆகவே ஓர் உருவப்படம் செவ்வையாக அமைவது வெறும் அழகைப் பற்றிய செய்தி மட்டுமன்று. ஒரு தலைமுறை மற்றொன்றை அறிந்துகொள்வது பற்றிய செய்தியுமாகும்.

இக்காலத்தில் எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மகன் தாயைப் படம் பிடிக்கிறான்; கைபேசியிலேயே அதைத் திருத்துகிறான்; உற்றாருக்கு அனுப்பி, 'படம் எப்படி இருக்கிறது?' என்று கேட்கிறான். 'மிக நன்று' என்ற விடை உடனே வருகிறது. அவ்விடையால் அவனுக்கும் பயனில்லை, படத்திற்கும் பயனில்லை. ஓர் உருவப்படத்தின் ஒளியமைப்பையும் திருத்த வேலையையும் பற்றி எவ்வாறு கருத்துக் கேட்பது, எவ்வாறு கருத்துக் கூறுவது என்பதையே இன்று சிந்திக்க எண்ணுகிறோம்.

எடுத்துக்காட்டாகக் கேரளத்தின் தென் எல்லைக்குச் செல்வோம். திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஆரியங்கோடு என்னும் ஊர் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. நேயர்களாகிய நீங்கள் ஊரை விட்டுச் சென்று அயல் மாநிலத்தவர் ஆனீர்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழரோ இருந்த இடத்தில் இருந்தபடியே அயல் மாநிலத்தவர் ஆயினர். பெண் கொடுத்த இடமும் கொண்ட இடமும் எல்லைக்கு இருபுறமும் இருப்பதால், அவர்தம் வீடுகளிலும் படங்களுக்குத் தனி மதிப்பு உண்டு.

அவ்வூரில் ஓட்டு வீடொன்றின் திண்ணையில் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு மூதாட்டி அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். மாநிறத்தினும் சற்றே கறுத்த முகம். வெயிலில் உழைத்த சுருக்கங்கள். எதிரே செம்மண் முற்றம். அதற்கப்பால் மரச்சீனித் தோட்டமும் ரப்பர் மரங்களும். இவரை எப்படிப் படம் பிடிப்பது?

உச்சி வெயிலில் முற்றத்தில் நிறுத்தினால், ஒளி தலைக்கு மேலிருந்து விழும். புருவத்தின் நிழலில் கண்கள் மறைந்து குழிகளாகத் தோன்றும். மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழும். ரப்பர் மரத்தடியில் நிறுத்தினாலோ, இலைகளூடே வரும் ஒளி முகத்தில் ஒருவகைப் பச்சைச் சாயலை ஏற்றும். இடையிடையே வெயிற்புள்ளிகளும் விழும். திண்ணையின் விளிம்பே தக்க இடம். கூரை மேலொளியைத் தடுக்கிறது. திறந்த வானத்தின் ஒளி பக்கவாட்டில் மெதுவாக வந்து படிகிறது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறுகின்ற அப்பகுதியில் மேகம் மூடிய நாட்களுக்குக் குறைவில்லை. மேகம் பரந்த வானம் ஒரு பெரிய விளக்கைப் போன்றது; அதன் நிழல்கள் மென்மையானவை. முகத்தின் ஒரு பக்கம் மிகவும் இருண்டால், அப்பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தாலே போதும். அது ஒளியைத் திருப்பித் தரும். வெயில் பட்ட செம்மண் முற்றமும் ஒளியைத் திருப்புகிறது என்பதை மறத்தலாகாது. அது தாடையின் கீழே சிவப்பு நிறத்தை ஏற்றிவிடும்.

இனி ஒளியின் அளவு. கேமராவின் தானியங்கிக் கருவி காட்சி முழுவதையும் சராசரியாகக் கணக்கிட்டு, நடுத்தரச் சாம்பல் நிறத்தை நோக்கி இழுக்கிறது. வெள்ளைச் சேலையும் சுண்ணாம்பு பூசிய சுவரும் படத்தில் மிகுந்தால், 'ஒளி அதிகம்' என்று எண்ணி அது ஒளியைக் குறைக்கும், முகம் கருகிப்போகும். ஆகையால் முகத்தின்மீதே அளவெடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுப் பின்னர் திருத்தத்தால் முகத்தை வெளுக்கச் செய்தால், சாம்பல் பூத்தது போன்ற தோற்றமே மிஞ்சும்.

திருத்தம் என்பது இன்று தோன்றிய பழக்கமன்று. மூலத்தகட்டில் திருத்தம் செய்த படமும் செய்யாத படமும் 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பெற்றதாக நிழற்படக்கலை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நம் நாட்டு நிழற்பட நிலையங்களிலும் மூலத்தகட்டின்மேல் மெல்லிய பென்சிலால் சுருக்கங்களை மறைப்பதும், அச்சிட்ட படத்திற்குக் கையால் வண்ணம் தீட்டுவதும் தொழிலின் ஒரு பகுதியாகவே இருந்தன. தமிழ்நாட்டு நிழற்பட நிலையங்களின் பழைய படங்களைத் தேடித் தொகுத்துப் படியெடுத்துக் காக்கும் பணியைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் மேற்கொண்டனர். அந்த முன்னோர் படங்களே நமக்கு இன்று வரலாற்றுச் சான்றுகளாக நிற்கின்றன.

கறுத்த முகங்களுக்கு நிழற்படக்கலை நெடுங்காலம் நீதி வழங்கவில்லை. தொடக்ககாலத் தகடுகள் நீல ஒளியை ஏற்றனவேயன்றிச் சிவப்பை ஏற்கவில்லை. ஆதலால் பழுப்பு நிற முகம் உள்ளதினும் கறுப்பாகவே பதிந்தது. 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்னும் செருமானிய அறிஞர் சாயங்களைக் கலந்து தகட்டின் உணர்திறனை மற்ற நிறங்களுக்கும் விரிக்கும் வழியைக் கண்டார். பின்னர் வண்ணப்படக் காலம் வந்தபோதும், கோடாக் நிறுவனம் அச்சுக் கூடங்களுக்கு அனுப்பிய மாதிரிப் படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே நெடுநாள் அளவுகோலாக இருந்தது. அவ்வட்டைக்கு 'ஷெர்லி அட்டை' என்றே பெயர் வழங்கிற்று. இன்று கைபேசிச் செயலிகள் ஒரு தொடுதலில் தோலை வெளுப்பாக்கி, சுருக்கத்தை அழித்துத் தருகின்றன. கருவி மாறியிருக்கிறது, எந்த நிறம் அழகு என்ற பழைய எண்ணம் மாறவில்லை.

திருத்தத்திற்கு எல்லை எது? கண்ணில் விழுந்த தூசியையும், படிந்த பச்சைச் சாயலையும், ஒரு நாள் தோன்றி மறையும் பருவையும் நீக்கலாம். இவை அந்த நேரத்துக்கு உரியவை. நெற்றிக் கோடும், கன்னத்து மச்சமும், தோலின் நிறமும் அந்த மனிதருக்கு உரியவை. அவற்றை நீக்கினால் படம் அழகாயிருக்கலாம். ஆனால் அது வேறொருவரின் படம்.

இனிக் கருத்துக் கேட்கும் முறை. 'எப்படி இருக்கிறது?' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே கிடைக்கும். 'கண்ணில் ஒளிப்புள்ளி தெரிகிறதா? நிழற்பக்கத்துக் கன்னத்தில் தோலின் நயம் தெரிகிறதா? பின்னணி முகத்தினின்று கண்ணைப் பிரித்து இழுக்கிறதா? திருத்திய இடம் திருத்தியதாகத் தெரிகிறதா?' என்று பகுத்துக் கேட்க வேண்டும். திருத்தாத படத்தையும் உடன் காட்டுவது நலம். கருத்துக் கூறுவோரும் 'நன்று', 'தீது' என்று முடிக்காமல், எந்த இடத்தில், எதனால், எவ்வாறு மாற்றலாம் என்று காரணத்தோடு கூறுதல் வேண்டும்.

எல்லாக் கருத்தையும் ஏற்க வேண்டுமா? ஜூலியா மார்கரெட் கேமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1863ஆம் ஆண்டின் இறுதியில், நாற்பத்தெட்டு வயதில், முதன்முதலாகக் கேமராவைக் கையில் எடுத்தவர். ஒருபுறத்து ஒளியில் முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டிய அவருடைய படங்களைத் துல்லியமற்றவை என்று அக்காலத்து நிழற்பட ஏடுகள் இகழ்ந்தன. அவர் தம் வழியை விடவில்லை. 1875இல் இலங்கைக்கு வந்த அவர் அங்குள்ள எளிய உழைப்பாளிகளையும் அதே மதிப்போடு படம் பிடித்து, 1879இல் அந்நாட்டிலேயே மறைந்தார். இன்று அப்படங்கள் உலகக் கலைக்கூடங்களில் இருக்கின்றன. தொழில் நுணுக்கம் பற்றிய குறையைக் கேட்டுக்கொள்ளலாம். எதைக் காட்டுவதற்காகப் படம் எடுத்தோம் என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

யாரிடம் கேட்பது? மூவரிடம் கேட்கலாம் என்பது நம் கருத்து. தொழில் அறிந்தவர் ஒளியின் குறையைச் சொல்வார். முன்பின் அறியாதவர், கண் முதலில் எங்கே செல்கிறது என்பதைச் சொல்வார். முகத்தை நெடுநாள் அறிந்த உறவினர், 'இது நம் அம்மைதானா?' என்பதைச் சொல்வார். முதல் இருவரும் பாராட்டிய படத்தை மூன்றாமவர் ஏற்கவில்லையெனில், திருத்தம் எல்லை கடந்துவிட்டது என்று அறியலாம்.

நான்காமவர் ஒருவரும் உண்டு. பெரும்பாலும் அவரைக் கேட்பதற்கு மறந்துவிடுகிறோம். அவர்தாம் படத்தில் இருப்பவர். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, தாயின் படத்தை மற்றவர்க்கு அனுப்புமுன் அவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, திண்ணையின் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து அவர் கூறும் கருத்து, நுணுக்கம் அறிந்தோர் கூறாத ஒன்றாக இருக்கலாம். அதையும் கேட்டபின் சுவரில் மாட்டும் படமே பேரக் குழந்தைகளுக்கு உண்மையான பாட்டியைக் காட்டும்.