வஞ்சீச மங்களமும் ஜன கண மனவும்

(குடியரசு தினத்தன்று சாலையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சில வருஷங்களாக நம் கூட்டங்களில் தேசிய கீதத்தை நாம் பாடுவதில்லை. ஒலிபெருக்கி பாடுகிறது, நாம் வாய்மூடி நிற்கிறோம். நானும் அப்படி நிற்பவன்தான். அந்த உறுத்தலில்தான் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

இந்தச் சாலைத் தெருவில் ஒரு காலத்தில் வேறொரு கீதம் ஒலித்தது. திருவிதாங்கூர் ஸமஸ்தானத்தின் 'வஞ்சீச மங்களம்' அது. 'வஞ்சி பூமி' என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள். இயற்றியவர் மகாகவி உள்ளூர் எஸ். பரமேச்வரய்யர். தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து மலையாளத்தின் மகாகவியானவர். ஸமஸ்தான ஸர்க்காரில் உயர்ந்த உத்தியோகம் பார்த்தவர். வஞ்சி நாட்டை ஆளும் மகாராஜா நீடூழி வாழவேண்டும் என்பதே பாட்டின் பொருள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பாடினார்கள்.

உள்ளூர் 1949 ஜூன் 15 அன்று காலமானார். ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. கவி மறைந்த பதினாறாம் நாள் அவர் வாழ்த்திய ராஜ்யமும் மறைந்தது. பாட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு நமக்கு வந்தது ஜன கண மன. ரவீந்திரநாத் தாகூர் வங்காளத்தில் எழுதிய இந்தப் பாட்டு, 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸ் மகாஸபையில் முதலில் பாடப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியா வந்திருந்த சமயம் அது. மன்னரைப் புகழ்ந்த பாட்டு என்று ஆங்கிலேயர் நடத்திய சில பத்திரிகைகள் தவறாக எழுதிவிட்டன. யுகயுகமாக மனித குலத்தை நடத்திச் செல்லும் ஸாரதியைத்தான் பாடினேன், எந்த ஜார்ஜும் அந்த ஸாரதியாக முடியாது என்று தாகூர் 1937-ல் ஒரு கடிதத்தில் விளக்கினார். மன்னரைப் பாடியிருந்தால் இதுவும் மன்னரோடு போயிருக்கும்.

ஆனால் நல்ல கருத்து மட்டும் போதாது. மெட்டு நிலைக்க வேண்டும். 1919-ல் தாகூர் மதனப்பள்ளி தியஸாபிகல் கல்லூரியில் தங்கியிருந்தபோது மாணவர்கள் நடுவே இதைப் பாடிக்காட்டினார். கல்லூரி முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸின் மனைவி மார்கரெட் கசின்ஸ் சங்கீதம் படித்தவர். அவர் மெட்டுக்கு ஸ்வரம் எழுதிவைத்தார். அங்கேயே தாகூர் ஆங்கில மொழிபெயர்ப்பும் செய்தார். இந்த ஜேம்ஸ் கசின்ஸ் நம் ஊருக்கு அந்நியர் அல்ல. பிற்காலத்தில் திருவிதாங்கூரின் கலை ஆலோசகராக இருந்து, மியூசியம் வளாகத்தில் 1935-ல் திறக்கப்பட்ட சித்ராலயம் உருவாகக் காரணமாக இருந்தவர் அவரே.

பிறகு வாத்தியக்காரர்கள் கைக்குப் போயிற்று பாட்டு. 1942 செப்டம்பரில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், நேதாஜி முன்னிலையில் ஒரு வாத்தியக் குழு இதை வாசித்தது. 1943-ல் ஆஸாத் ஹிந்த் ஸர்க்காருக்காக இதையொட்டி ஹிந்துஸ்தானியில் ஒரு பாட்டு எழுதப்பட்டது. அதற்கு வாத்திய இசை அமைத்தவர் ராம்சிங் தாக்கூரி. 1947-ல் ஐக்கிய நாடுகள் சபைக் கூட்டத்தின்போது நியூயார்க்கில் நம் பிரதிநிதிகளிடம் தேசிய கீதம் எது என்று கேட்டார்கள். கையில் இருந்த ஜன கண மன இசைத்தட்டைக் கொடுத்தார்கள். அங்கிருந்த வாத்தியக் குழு பயிற்சி செய்து வாசித்தபோது பல நாட்டாரும் பாராட்டினார்கள். இதை நேருவே 1948-ல் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டு பாண்டு வாத்தியத்திலும் எடுபட வேண்டும் என்பது அவர் கவலை. 1950 ஜனவரி 24 அன்று ராஜேந்திர பிரஸாத் இதைத் தேசிய கீதமாக அறிவித்தார். வந்தே மாதரத்துக்கும் ஸமமான மரியாதை என்றார். ஐந்து சரணங்களில் முதல் சரணம் மட்டுமே தேசிய கீதம். முழுதாக இசைக்க சுமார் 52 விநாடி.

இனி என் வீட்டு விஷயம் ஒன்று. என் அம்மா சாலையில் வளர்ந்தவள். பள்ளியில் படித்த 'வஞ்சி பூமி'யை வயதான காலத்திலும் அடுக்களையில் முணுமுணுப்பாள். நான் ஸயன்ஸ் படித்தவன். எதையும் குறித்துவைக்கும் பழக்கம் உண்டு. இதை மட்டும் குறித்துவைக்கவில்லை. பழைய பதிவுகள் இன்று கேட்கக் கிடைக்கின்றன. அம்மா பாடிய விதம் அவளோடு போய்விட்டது. மதனப்பள்ளியில் ஒரு அம்மையார் ஒரு காகிதத்தில் செய்ததை, என் வீட்டில் நான் செய்யவில்லை.

ஆகையால் எல்லா ஊர் அங்கத்தினர்களுக்கும் இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 'வஞ்சி பூமி' தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், இன்றே பாடச் சொல்லி செல்போனில் பதிவு செய்யுங்கள். அடுத்த கூட்டத்தில் ஜன கண மனவுக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிடுங்கள். சுருதி சேராவிட்டால் பாதகமில்லை. 52 விநாடிதானே, நம் குரலிலேயே பாடுவோம்.

இப்போது எல்லோரும் எழுந்திருங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.