கிறிஸ்துமஸ் பரிசு: பொம்மைக்கும் புத்தாடைக்கும் அப்பால்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் ராபர்ட்சன்பேட்டைக்குத் தனிக்களை ஒன்று வந்துவிடுகிறது. வாசல்தோறும் காகித நட்சத்திரங்கள் ஏறுகின்றன. மாலை வேளைகளில் மகாத்மா காந்தி மார்க்கெட்டின் கடைகளில் கூட்டம் நெருக்குகிறது. குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெற்றோர் கடைகடையாக ஏறி இறங்குகிறார்கள். அவர்களுடைய வாயில் ஒரே கேள்விதான்: "குழந்தைக்கு என்ன வாங்கலாம்?" விடையும் பெரும்பாலும் இரண்டே. பெண் குழந்தையானால் கவுனும் பொம்மையும். ஆண் குழந்தையானால் கால்சட்டையும் காரும்.

இவை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. விழா நாளில் புத்தாடை உடுத்துவது நம்முடைய வழக்கம். விளையாட்டுச் சாமான் குழந்தையின் உரிமை. ஆயினும் இந்த இரண்டோடு பரிசு என்பது முடிந்துவிடுகிறதா என்று சற்றே சிந்திக்கலாம். கிறிஸ்து பிறந்தபோது கீழ்த்திசை ஞானிகள் கொண்டுவந்த காணிக்கைகள் பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என மத்தேயுவின் நூல் கூறுகிறது. ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்ட அந்த மூன்றில் பொம்மையும் இல்லை, ஆடையும் இல்லை. தொலைதூரம் நடந்து வந்து, தாங்களே கையில் ஏந்திக் கொடுத்தார்கள் என்பதுதான் அந்தக் கதையில் நம் மனத்தில் நிற்கிறது.

பொன் என்றதும் நம் ஊர்க் கதை நினைவுக்கு வராமல் இராது. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை ஏற்று நடத்தத் தொடங்கிய பிறகு, வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறினார்கள். 1894இல் மாரிக்குப்பம் வரையில் ரயில் பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்தது. தாத்தா சுரங்கத்தில் இறங்கினார், தகப்பனாரும் இறங்கினார். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாளோடு அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன.

அதன்பிறகு இந்த ஊரின் நாள் வேறுவிதமாக விடிகிறது. மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் ஆகிய நிலையங்களில், இருள் பிரியுமுன்னரே பெங்களூருக்குப் போகும் வண்டிக்காக ஆண்களும் பெண்களும் காத்து நிற்கிறார்கள். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வரவும் அவ்வாறே. தகப்பனார் புறப்படும்போது குழந்தை உறங்குகிறது. திரும்பி வரும்போதும் உறங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் இருவரும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். இது தங்கவயலின் நிலை மட்டும் அன்று. மும்பையிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர் பலருடைய வீடுகளில் நடப்பதும் இதுவே.

ஆகவே, பரிசு வாங்குமுன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் அருகில் இல்லாத பொழுதிலும் குழந்தை தானாக விளையாடிக்கொண்டிருக்கட்டும் என்றே பெரும்பாலான பொம்மைகளை வாங்குகிறோம். அதில் தவறில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது, நம்மை அருகில் அழைத்து உட்காரவைக்கும் பரிசு ஒன்றும் வேண்டாமா? பெரியவர் ஒருவர் கூட இருந்தால்தான் பயன்படும் பொருள், அந்தப் பெரியவரையும் சேர்த்தே குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறது. அத்தகைய பரிசுகள் சிலவற்றை இப்போது பார்ப்போம்.

முதலாவது, தமிழ்ப் படப் புத்தகம். எழுத்துத் தெரியாத குழந்தைக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. எழுத்துத் தெரியாததனால்தான் அது பரிசாகிறது. யாராவது மடியில் வைத்துப் படித்துக் காட்டியே தீரவேண்டும். கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே குழந்தைகளுக்கு உரக்கப் படித்துக் காட்டுமாறு பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமென்று 2014ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. இதில் நமக்கு வியப்பொன்றும் இல்லை. ஒருவர் படிக்கப் பலர் கூடிக் கேட்பது தமிழர்க்குப் பழைய பழக்கம். அயோத்திதாச பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழுக்குத் தங்கவயலில் ஆர்வமுள்ள வாசகர்கள் இருந்தார்கள். பண்டிதரின் நூல்களைப் பின்னர் அச்சிட்டுப் பரப்பியதும் இவ்வூரின் சித்தார்த்த புத்தகசாலைதான். உடலுழைப்பால் வாழ்ந்த மக்கள் காசு சேர்த்துத் தமிழ் அச்சடித்த ஊர் இது. அந்த ஊர்ப் பேரக்குழந்தைகள் பலர் இன்று பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் மட்டுமே பயில்கிறார்கள். அவை வேண்டிய மொழிகளே. ஆயினும் வீட்டில் பேசும் மொழியின் எழுத்தைக் கண்ணால் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிடலாகாது.

நூல் கிடைப்பது இன்று அரிதன்று. 1957இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் தமிழ்க் குழந்தை நூல்களை வெளியிடுகிறது. சென்னைத் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் அமைந்த படநூல்களை வெளியிட்டிருக்கிறது. பெங்களூரில் 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனம், 2015 முதல் ஸ்டோரிவீவர் என்னும் இணையத்தளத்தில் தமிழ், கன்னடம் உட்படப் பல மொழிகளில் கதைகளை இலவசமாகவே வைத்துள்ளது. காசில்லாதவர் அதிலிருந்து ஒரு கதையை அச்செடுத்து, நூலால் தைத்து, அட்டை போட்டுக் கொடுக்கலாம். ஒன்று மட்டும் வேண்டுகிறேன்: படத்தைக் கைப்பேசியில் காட்டி, கைப்பேசியையே குழந்தை கையில் கொடுத்துவிட வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் திரைமுன் உட்கார்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுரை கூறியிருக்கிறது. அதனினும் குறைவது நன்று என்பதும் அதன் கருத்து.

இரண்டாவது பரிசுக்கு விலையே இல்லை. அது உறவினர் படத்தொகுப்பு. பத்துப் பன்னிரண்டு புகைப்படங்கள், ஒரு கெட்டி நோட்டுப் புத்தகம், கொஞ்சம் பசை போதும். தாத்தா, ஆயா, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா என்று ஒரு பக்கத்துக்கு ஒரு படமாக ஒட்டி, கீழே உறவுமுறையைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதுங்கள். வெளியூரில் வளரும் குழந்தைக்குக் கண்ணில் படுபவர் எல்லோரும் 'அங்கிள்', 'ஆன்ட்டி' ஆகிவிடுகிறார்கள். தகப்பனாரின் தம்பி வேறு, தாயாரின் தம்பி வேறு என்று காட்டும் நுட்பமான சொற்கள் நம் மொழியில் இருக்கின்றன. அவற்றை இழந்தால் சொல் மட்டுமா போகும்? அந்தத் தொகுப்பின் கடைசிப் பக்கத்தில், தாத்தாவின் சுரங்கத் தொப்பியோ விளக்கோ வீட்டில் இருந்தால் அதன் படத்தையும் ஒட்டிவையுங்கள். "இது என்ன?" என்று குழந்தை கேட்கும். அந்தக் கேள்வியோடு ஒரு குடும்ப வரலாறு தொடங்கிவிடும்.

மூன்றாவது, ஒரு பிடி விதை. கிறிஸ்துமஸ் குடிலில் பசும்புல் விளைவிப்பது நம்மவர் பலருடைய வழக்கம். கோலார்ச் சீமை கேழ்வரகு விளையும் மண். டிசம்பர் பத்தாம் தேதி வாக்கில், ஒரு பிடி கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, மண் நிரப்பிய கொட்டாங்கச்சிகளில் குழந்தையின் கையாலேயே தூவச் செய்யுங்கள். காலையும் மாலையும் நீர் தெளிப்பது குழந்தையின் பொறுப்பு. நம் ஊர்க் குளிரில் முளைப்பதற்குச் சில நாள் பிடிக்கும். அந்தக் காத்திருப்பும் பரிசின் ஒரு பகுதியே. விழாவன்று குடிலின் முன்னே அந்தப் பசுமையைக் காணும்போது, "இது நான் வளர்த்தது" என்று குழந்தை சொல்லும் பெருமிதம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

நான்காவது, வீட்டில் செய்யும் நட்சத்திரம். ஒரே நீளமுள்ள பத்து மூங்கில் குச்சிகள் வேண்டும். ஐந்து குச்சிகளால் ஒரு நட்சத்திரம். மற்ற ஐந்தால் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளிலும் கட்டிவிட்டு, உள்ளே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களில் சிறு கட்டைகளைச் செருகினால் நடுவே புடைத்துக்கொள்ளும். அதன்மேல் பட்டம் செய்யும் காகிதத்தை ஒட்ட வேண்டும். கத்தி வேலை தகப்பனாருடையது. பசை தடவுவதும் காகித நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும் குழந்தையுடையது. உள்ளே மெழுகுவத்தி வேண்டாம். சூடேறாத சிறு எல்.ஈ.டி. விளக்கு போதும். ஒரு முனை சற்றுக் கோணியிருந்தால் இருக்கட்டும். தெருவில் ஐம்பது நட்சத்திரங்கள் தொங்கினாலும் தன்னுடையது எதுவென்று குழந்தை தூரத்திலிருந்தே கண்டுகொள்ளும்.

ஐந்தாவது, அடுக்களையில் ஓர் இடம். விழாவுக்கு முந்திய வாரம் வீடுகளில் அதிரசமும் அச்சுமுறுக்கும் கல்கல்லும் செய்கிறார்கள். கல்கல் மாவில் ஓர் உருண்டையைக் குழந்தைக்கென்று ஒதுக்கி, புதுச் சீப்பின்மேலோ முள்கரண்டியின் முதுகிலோ வைத்து உருட்டக் கற்றுக்கொடுங்கள். எண்ணெய்ச் சட்டியின் அருகே மட்டும் விடவேண்டாம். அது உருட்டியதைத் தனித்தட்டில் வைத்து, அடுத்த வீட்டுக்கு அதன் கையாலேயே கொடுத்தனுப்புங்கள். ராபர்ட்சன்பேட்டைத் தெருக்களில் எல்லா மதத்தினரும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். விழாக் காலப் பலகாரத் தட்டு வீடுவிட்டு வீடு போகிறது. பெறுவதைக் காட்டிலும் கொடுப்பதில் உள்ள இன்பத்தைச் சின்ன வயதிலேயே சுவைத்துவிட்ட குழந்தைக்கு அதை நாம் போதிக்க வேண்டிய தேவையில்லை.

ஆறாவது, ஒரு பாட்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற தமிழ்க் கவிஞர்கள் இயற்றிய கீர்த்தனைகள் நம் வீட்டு முதியோர் பலருக்கு மனப்பாடம். அவர்கள் இருக்கும்போதே அந்தக் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆயா ஊரில் இருந்தால், ஒரு பாட்டும் ஒரு கதையும் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள். கதையின் நடுவே குழந்தையின் பெயரை அவர் ஒருமுறை அழைத்துவிட்டால் போதும். அந்தப் பதிவை எத்தனை முறை கேட்டாலும் குழந்தைக்கு அலுக்காது.

கடைசியாக ஒன்று: ஒரு நாள். விடுமுறையில் ஒரு முழு நாளைக் குழந்தைக்கென்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஓர் அட்டையில் "இந்த நாள் உனக்கு" என்று தேதியோடு எழுதி நீட்டுங்கள். தகப்பனார் வேலைக்குப் போகும் அதே ரயிலில், ஜன்னலோரம் உட்காரவைத்து, பங்காருப்பேட்டை வரையிலாவது அழைத்துப் போய் வாருங்கள். அப்பா தினமும் எங்கே மறைந்துபோகிறார் என்பது பல குழந்தைகளுக்குப் புரியாத புதிர். நிற்கும் நிலையத்தையும், தேநீர் குடிக்கும் இடத்தையும், உடன் பயணம் செய்யும் நண்பர்களையும் அது ஒருமுறை கண்டுவிட்டால், மறுநாள் காலையில் வெறுமையாகக் கிடக்கும் பாயைப் பார்க்கும்போது அதன் மனத்தில் ஒரு காட்சி இருக்கும்.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் கைக்கெட்டும் தூரத்தில் மணி, விதை, நாணயம், பொத்தான் போன்ற பேட்டரி முதலிய சிறு பொருள்களை வைக்கலாகாது. அவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயே புண்ணாகிவிடும். விதை விதைப்பதும் பசை ஒட்டுவதும் பெரியவர் அருகிலிருந்து செய்யவேண்டிய வேலைகள். நான் முதலில் சொன்னதும் அதுதானே.

இவற்றுக்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். வண்டி நான்கு மணி நேரத்தையும் வேலை பத்து மணி நேரத்தையும் எடுத்துக்கொள்ளும் வீட்டில் இது நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று போதும். எனக்குத் தெரிந்த ஒரு தகப்பனார், இரவு வண்டியில் வரும்போதே படப் புத்தகத்தை ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்வார். ஞாயிறு காலையில் மகளுக்குத் தடுக்காமல் படித்துக் காட்ட வேண்டுமே என்பது அவருடைய கவலை. அவரும் தமிழ் எழுத்தை அரைகுறையாகக் கற்றவர்தாம். சில மாதங்களில் மகள் எழுத்துக் கூட்டப் பழகினாள். தகப்பனார் தடையின்றிப் படிக்கப் பழகினார். ஒரு சிறு புத்தகம் அந்த வீட்டில் இருவருக்குப் பரிசாயிற்று.

நம் முன்னோர் இந்த மண்ணைத் தோண்டிப் பொன் எடுத்தார்கள். அந்தப் பொன் அவர்களுடைய வீட்டில் தங்கவில்லை. தங்கியவை அவர்களுடைய பேச்சும் பாட்டும் உறவுமுறையும் ஒருவருக்கொருவர் செய்த ஒத்தாசையுமே. இந்தக் கிறிஸ்துமஸில் அவற்றில் ஒன்றை எடுத்து, உங்கள் குழந்தையின் கையில் நீங்களே வைத்துக் கொடுங்கள். எங்கெங்கோ இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் உங்கள் அனைவருக்கும், உங்கள் வீட்டுச் செல்வங்களுக்கும், விழாக்கால நல்வாழ்த்துகள்.