காலுக்கேற்ற காலணி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் காலணி. ‘பேசுவதற்கு இதைவிட உயர்ந்த பொருள் ஒன்றும் அகப்படவில்லையா?’ என்று உங்களுள் சிலர் புன்னகை புரியக்கூடும். தலைக்கு மேலுள்ள வானத்தைப் பற்றியும், தலைக்குள் உள்ள அறிவைப் பற்றியும் கேட்டுப் பழகிய செவிகளுக்கு, காலுக்குக் கீழே கிடக்கும் செருப்பு ஒரு பொருளாகத் தோன்றாதது இயல்பே. அச்சொல்லை நாம் வசைமொழியிலேதான் மிகுதியாகக் கேட்கிறோம். ஆனால் பழந்தமிழில் செருப்புக்கு ‘அரணம்’ என்றும் ஒரு பெயர் உண்டு. அரண் என்பது காவல். கோட்டைக்கு வழங்கிய சொல்லையே காலணிக்கும் நம் முன்னோர் வழங்கினர். முள்ளும் பரலும் நிறைந்த வழியில் நடந்தவர்களே அப்படிப் பெயரிட்டிருக்க முடியும்.

எனக்குக் காலணியில் இளமை முதலே ஒரு பற்று உண்டு. நான் சிற்றூரில் பிறந்தவன். எட்டாம் வகுப்பு முடியும்வரை வெறுங்காலோடு பள்ளிக்கு நடந்தேன். பங்குனி வெயிலில் இளகிய தார் உள்ளங்காலில் ஒட்டும் சூட்டை அறிவேன். கருவேல முள் தைத்த இடத்தில் எருக்கம்பால் இட்டு ஊக்கால் கிளறி எடுக்கும் வேதனையையும் அறிவேன். முதன்முதலாக ஓர் இணை இரப்பர்ச் செருப்பு என் காலில் ஏறிய நாளில், ஊர்த் தரை முழுவதும் ஒரே இரவில் மென்மையாகிவிட்டது போல் இருந்தது. பின்னர் ஆசிரியனாகி, 35 ஆண்டுகள் சிமெண்டுத் தரையில் நின்று பாடம் சொன்னேன். இன்றும் வெளியே புறப்படுமுன் என் பழுப்பு நிறத் தோற்காலணியை மெருகிட்ட பின்னரே அணிவேன். ‘ஓய்வு பெற்ற பிறகும் இத்தனை பகட்டா?’ என்று வீட்டில் கேலி செய்வார்கள். பகட்டு வேறு, அழகு வேறு என்பது என் விடை. அந்த விடையை விரித்துரைப்பதே இந்தப் பேச்சு.

முதலில் காலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். மனித உடலில் உள்ள எலும்புகள் 206. அவற்றுள் ஒரு பாதத்துக்கு 26 வீதம், இரு பாதங்களிலும் 52 எலும்புகள் இருக்கின்றன. உடலின் எலும்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கணுக்காலுக்குக் கீழே அடங்கிவிடுகிறது! நாம் நடக்கும்போது குதிகால் முதலில் மண்ணைத் தொடுகிறது. உடலின் பாரம் பாதத்தின் வெளிவிளிம்பு வழியாக விரல்களின் அடிப்பகுதிக்கு வந்து சேர்கிறது. இறுதியில் பெருவிரல் மண்ணை உந்தித் தள்ள, உடல் முன்னே செல்கிறது. இவ்வளவும் ஒரு நொடிக்குள் நடந்து முடியும் வேலை.

குளித்துவிட்டு ஈரக்காலோடு தரையில் ஓரடி வைத்து, அந்தச் சுவட்டைப் பாருங்கள். குதிகாலில் ஒடுங்கி, நடுவில் ஒருபுறம் குழிந்து, முன்னே அகன்று, விரல்களில் விசிறி போல் விரிந்திருக்கும். இனிக் கடையின் கண்ணாடிப் பேழையில் மின்னும் கூர்முனைக் காலணியைப் பாருங்கள். கால் எங்கே விரிகிறதோ அங்கே அது குறுகுகிறது. அதனுள் புகுந்த பெருவிரல் நாளடைவில் பக்கவாட்டில் சாய்கிறது. அதன் அடி மூட்டு வெளியே புடைத்து வலிக்கிறது. உயர்ந்த குதி வைத்த காலணியோ, குதிகால் தாங்கவேண்டிய பாரத்தையும் முன்பாதத்தின்மேல் ஏற்றிவிடுகிறது. ‘செருப்புக்காகக் காலைத் தறிப்பதா?’ என்று ஒரு பழமொழி கேட்கிறது. தறிப்பதில்லையே தவிர, மெல்ல மெல்ல வளைக்கத்தான் செய்கிறோம்.

‘அப்படியானால் வெறுங்காலே நலம் அல்லவா?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தை வெறுங்காலோடு ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். 1964இல் தோக்கியோவில் காலணி அணிந்து ஓடினார்; அங்கும் தங்கமே பெற்றார். வென்றவை அவருடைய கால்கள். காலணி அவற்றுக்குத் தடையாக இல்லாதிருந்தது. அதுவே நல்ல காலணியின் முதல் இலக்கணம். ஆனால் நம் தெருக்களில் உடைந்த கண்ணாடியும் துருப்பிடித்த ஆணியும் கிடக்கின்றன. அசுத்தமான ஈரமண்ணில் வாழும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குழந்தைகளுக்குச் சோகை நோயைத் தருகின்றன. ஆகவே அரணம் வேண்டும். அந்த அரணம் சிறைச்சாலை ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் வேண்டும்.

காலுக்கேற்பக் காலணி செய்யவேண்டும் என்ற எளிய உண்மை உலகத்துக்கு மிகத் தாமதமாகவே விளங்கிற்று. ஹாலந்து நாட்டு உடற்கூற்றறிஞர் பீட்ரஸ் காம்பர் 1781இல் நல்ல காலணியின் வடிவம் பற்றித் தனியே ஒரு நூல் எழுதினார். அக்கால ஐரோப்பாவில் இரு கால்களுக்கும் ஒரே வடிவான மர அச்சில் காலணி செய்வதே பெருவழக்கு. வலக்காலுக்கும் இடக்காலுக்கும் தனித்தனி அச்சு 19ஆம் நூற்றாண்டில்தான் பொதுவழக்காயிற்று. நாம் கடையில் ஏழு, எட்டு, ஒன்பது என்று கேட்கிறோமே, அது ஆங்கிலேயர் வகுத்த கணக்கு. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடு, ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு வாற்கோதுமை மணியின் நீளம் அது.

அந்த வாற்கோதுமை அளவிலேயே நம் காலையும் நெடுங்காலம் அளந்து வந்தோம். 1948இல் சென்னையில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், 2021ஆம் ஆண்டின் இறுதியிலும் 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நாடெங்கும் 1 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து ஆராய்ந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியர் பாதம் பொதுவாக அகலமானது என்பது அந்த ஆய்வில் தெரியவந்தது. அதனடிப்படையில் நமக்கென ‘பா’ என்னும் அளவுமுறை வகுக்கப்பட்டது. பாரதம் என்னும் சொல்லின் முதலெழுத்து அது. அகலம் போதாமையால் நீளம் கூடிய காலணியை வாங்கி, குதிகாலில் அது கழன்று கழன்று விழ நடக்கும் பலரை நான் கண்டிருக்கிறேன். குறை அவர்களுடைய காலில் இல்லை, அளவில் இருந்தது.

இனிக் காலணி வாங்கும் முறைக்கு வருவோம். மாலையில் வாங்குங்கள், பகல் முழுவதும் நடந்த கால் சற்றே வீங்கியிருக்கும். உட்கார்ந்த நிலையில் அணிந்து பார்ப்பது போதாது. எழுந்து நின்று, பத்தடி நடந்து பாருங்கள். உடலின் பாரம் இறங்கும்போது பாதம் நீளும், அகலும். இரு கால்களிலும் அணியுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய காலுக்குப் பொருந்துவதே உங்கள் அளவு. மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். காலணியை வளைத்தால் விரல்களின் அடிப்பகுதியில் வளையவேண்டும். நடுவில் மடங்கினால் அது பாதத்தைத் தாங்காது. காலுறை அணிவதாயின், அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள். ‘இரண்டு நாள் போட்டால் தானே தளர்ந்துவிடும்’ என்று விற்பவர் சொல்வார். இரண்டு நாளில் தளர்வது தோலா, உங்கள் விரலா என்பதை அவர் சொல்லமாட்டார்.

அளவெடுப்பதைப் பற்றி எனக்கு ஒரு மாணவன் கற்பித்ததையும் சொல்லவேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, மாணவர்க்கு விலையில்லாக் காலணி வழங்குவதற்காக அளவுப் பட்டியல் அனுப்பவேண்டியிருந்தது. வகுப்பைப் பார்த்து எண்ணை எழுதிவிடுவது எளிய வழி. ஆனால் பிள்ளையை அறிந்து பாடத்தை அமைக்கவேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் கற்றவன் நான். ஒரு பிற்பகல் முழுவதையும் அளவெடுப்பதற்கென்று ஒதுக்கினேன். பழைய செய்தித்தாள்களை விரித்து, ஒவ்வொருவரையும் அதன்மேல் நிற்கச் செய்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்தோம். கணக்காசிரியர் அதையே வடிவியல் பாடமாக்கிவிட்டார்.

கடைசி வரிசையில் ஒரு சிறுவன். பேருந்து நிலையத்தருகே அமர்ந்து செருப்புத் தைப்பவர் அவனுடைய தந்தை. அதை வகுப்பில் எவரிடமும் அவன் சொன்னதில்லை. நாங்கள் நீளத்தை மட்டும் குறித்துக்கொண்டு போவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனாகவே எழுந்து வந்து, தாளிலிருந்து ஒரு நீண்ட கீற்றைக் கிழித்து, தோழன் ஒருவனின் பாதத்தில் விரல்களின் அடிப்பகுதியைச் சுற்றிப் பிடித்து, இரு முனையும் கூடும் இடத்தில் நகத்தால் அடையாளம் செய்தான். “நீளம் மட்டும் பார்த்தாப் பத்தாதுங்க ஐயா. சுத்தளவும் பார்க்கணும். இல்லேன்னா விரல் நெரியும்” என்றான். “எங்கே கற்றாய்?” என்றேன். சிறிது தயங்கி, “அப்பாகிட்டங்க” என்றான். எஞ்சிய பிள்ளைகளுக்கெல்லாம் அவனே அளவெடுத்தான். அவன் சொல்லச் சொல்ல, நான் பக்கத்தில் அமர்ந்து எழுதினேன்.

அந்தப் பிள்ளை தயங்கியதற்குக் காரணம் உண்டு. இராமனுடைய பாதுகையை அரியணையில் வைத்துப் பரதன் ஆண்ட கதையைப் போற்றும் இந்த நாட்டிலேதான், தோலைத் தொட்டுச் செருப்புத் தைத்தவரைத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கினார்கள். ஒடுக்கப்பட்ட மக்கள் ஊர்த்தெருவுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டும் என்ற கொடுமை தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் இருந்தது. 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கடைப்பிடிப்போரைத் தண்டிக்க வழி செய்தது. எனினும் அந்த வழக்கத்தின் வேர் இன்னும் முழுதும் அறுபடவில்லை. ஆகவே ஓர் ஏழைப் பிள்ளை நல்ல காலணி அணிந்து வரும்போது, ‘இவனுக்கு எதற்கு இந்த ஆடம்பரம்?’ என்று எவரேனும் சொன்னால், அந்தச் சொல்லை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அதன் பின்னே பழைய தெரு ஒன்று இருக்கிறது.

சரி, காலுக்கு நலம் தந்தால் போதாதா, அழகும் வேண்டுமா? இதற்கு வேலூரிலிருந்து ஒரு விடை உண்டு. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கால்களில் ஏன் புண் உண்டாகிறது என்று ஆராய்ந்தார். நோயினால் தசை தானே அழுகுவதில்லை. வலியை உணரும் ஆற்றல் போய்விடுவதால், முள் தைப்பதும் செருப்பு அழுத்துவதும் தெரியாமல் அவர்கள் நடந்துகொண்டே இருக்கிறார்கள் என்று கண்டார். அவரும் அவருடைய துணைவர்களும் நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற இரப்பரால் அத்தகையோர்க்குக் காலணி செய்வித்தனர். நீரிழிவினால் கால் மரத்துப்போனவர்களுக்கும் இன்று அவ்வகைக் காலணி பயன்படுகிறது. ஆயினும் காலணியைப் பார்த்தே ‘இவர் தொழுநோயாளர்’ என்று ஊரார் அறிந்துகொள்வார்களே என அஞ்சி, அதை அணியத் தயங்கியோரும் உண்டு. அணியாத காலணி எவ்வளவு மென்மையாக இருந்து என்ன பயன்? பார்வைக்கு நன்றாக இருந்தால்தான் மனிதன் அதை மானத்தோடு அணிவான். அழகு வெறும் ஒப்பனை அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த அழகு விலையில் இல்லை. பெயர் பொறித்த முத்திரையிலும் இல்லை. வளைவுகள் காலின் வளைவோடு ஒத்துச் செல்லவேண்டும். தையல் நேராக ஓடவேண்டும். நிறம் உங்கள் உடைகளில் பலவற்றோடும் இணங்கவேண்டும். கறுப்பும் பழுப்பும் எதனோடும் பகை கொள்வதில்லை. முன்புறம் அகன்று வட்டமாக முடியும் காலணியிலும் கண்ணைக் கவரும் வடிவங்கள் பல உண்டு, தேடுவோர்க்குக் கிடைக்கும். இயலுமானால் இரண்டு இணை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அணியுங்கள். ஒன்றின் வியர்வை உலர்வதற்குள் அதையே மறுநாள் அணிந்தால் தோலும் கெடும், காலும் கெடும். வாரம் ஒருமுறை துடைத்து மெருகிடுங்கள். தையல் விட்டால் எறிந்துவிடாதீர்கள். தெருமுனையில் அமர்ந்திருக்கும் தொழிலாளரிடம் கொண்டு செல்லுங்கள். அவரை மரியாதையோடு அழைத்து, கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

அன்புச் செல்வங்களே! கடைக்குச் செல்லும்போது முதலில் உங்கள் காலைக் கேளுங்கள். கால் சம்மதித்த பிறகு கண்ணைக் கேளுங்கள். இவ்விரண்டும் ஒப்பிய பின் பணப்பையைக் கேளுங்கள். பிறர் என்ன சொல்வார்கள் என்று மட்டும் கேட்கவேண்டாம். அவர்கள் உங்கள் காலணியில் நடக்கப்போவதில்லை. நல்ல காலணி அணிந்து, நிமிர்ந்து, நெடுந்தொலைவு நடப்பீர்களாக!