உப்புக்குள் இருக்கும் சொற்கள்



நான் மரக்காணத்துக்காரன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போன எவருக்கும் எங்கள் உப்பளம் தெரியும். பாத்தி கட்டி, உப்புநீர் பாய்ச்சி, வெயிலில் காயவிட்டு, விடியுமுன்னே உப்பு வாரப் போகும் ஊர். ஐப்பசி மழை இறங்கினால் அளத்தில் வேலை நின்றுவிடும்.

ஊர் விட்டு வந்து நாம் வாழும் இங்கே, நம் பிள்ளைகள் ஸ்பெல்லிங் பீ என்னும் எழுத்துக்கூட்டல் போட்டிக்காக ஆங்கிலச் சொற்களை இரவும் பகலும் உருப்போடுகிறார்கள். நல்லது, படிக்கட்டும். பெற்றோரே, உருப்போடுவதோடு விடாதீர்கள். சொல்லின் வேரையும் தேடச் சொல்லுங்கள். வேர் தெரிந்த சொல் மறக்காது.

உப்பையே எடுத்துக்கொள்வோம். மாதம் பிறந்தால் நாம் வாங்கும் சேலரி, லத்தீனில் சலாரியம். அதன் அடியில் இருப்பது 'சால்', அதாவது உப்பு. சாலட், சாஸ், சலாமி, சாஸேஜ் எல்லாம் அந்த ஒரே உப்பில் விளைந்தவை. ஒரு வேரைப் பிடித்தால் ஐந்து சொல் கைக்கு வருகிறது! நம் பக்கம் பாருங்கள்: சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்ததே 'சம்பளம்' என்று விளக்குவோர் உண்டு. உப்பு வண்டி ஓட்டிய உமணரைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னவர்கள் நம் பாட்டிமார். இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் நீங்கள் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

தமிழிலிருந்தும் ஆங்கிலத்துக்குச் சொற்கள் போயிருக்கின்றன. எங்கள் மீனவர் குப்பத்துக் கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் கேட்டமரான். வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி 1697-இல் வெளியான தன் பயண நூலில் சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தை எழுதிவைத்தார். சுருட்டு செரூட் ஆனது. மிளகுத்தண்ணீர் மல்லிகடானி ஆனது. அணைக்கட்டு அனிகட் ஆனது. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலும் கர்னல் யூலும் இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டிய 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி 1886-இல் வந்தது. அந்நியர் இருவர் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். நம் வீட்டுச் சொல்லை நாம் கவனிக்க வேண்டாமா?

போட்டி மேடையில், "இந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது?" என்று கேட்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு. 'தமிழ்' என்று நடுவர் பதில் சொல்லும்போது, அந்தப் பெயர் நம் பிள்ளைக்கு அயலாகப் படக்கூடாது. அதற்கு வீட்டில் தமிழ் புழங்க வேண்டும். இன்று இரவே தொடங்குங்கள். ஊரிலிருக்கும் பாட்டிக்குப் போன் போட்டு, பிள்ளையையே பேசவிடுங்கள்.