காப்பியும் கச்சேரியும்

காப்பியைப் பற்றி வானொலியில் பேச ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு என்ன தகுதி உண்டு என்று நேயர்கள் ஐயுறலாம். 34 ஆண்டுகள் ஆசிரியர் அறையில், தூக்குப் பாத்திரத்தில் வந்து ஆறிப்போன காப்பியைக் குடித்தும் உடல்நலத்தோடு இருக்கிறேன் என்பதே என் தகுதி. இசையைப் பற்றிப் பேச அந்தத் தகுதியும் எனக்கு இல்லை. கேட்பவன் என்ற உரிமை ஒன்றுதான் உண்டு. அந்த உரிமையைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகிறேன்.

நான் குடியிருப்பது வேங்கிக்கால். திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ஊர் என்றால் எங்கள் பக்கத்து மாணவர்களுக்குத் தெரியும். ஏரியும் வயலுமாக இருந்த சிற்றூர், 1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமான பிறகு நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில் புதிய காப்பிச் சாலை ஒன்று திறந்தார்கள். பெயர்ப் பலகையில் 'காப்பி பார்' என்று இருந்தது. அந்த இரண்டாவது சொல்லைக் கண்டதும் தெருப் பெரியவர்கள் கலங்கிப்போய், ஆட்சியருக்கு மனு எழுதித் தரும்படி என்னிடம் வந்துவிட்டார்கள். விசாரித்த பிறகு உண்மை விளங்கிற்று. அங்கே மதுவுக்கு இடமே இல்லை. காப்பி கலந்து கொடுக்கும் நீண்ட பலகைக்குத்தான் அந்தப் பெயராம். எழுதத் தொடங்கிய மனுவைக் கிழித்துப் போட்டேன்.

கடைக்காரர் என்னிடம் எட்டாம் வகுப்பில் தமிழ் படித்தவர். "ஐயா, சனிக்கிழமை மாலை அவசியம் வரவேண்டும். அன்று பாட்டும் உண்டு" என்று வீடு தேடி வந்து அழைத்தார். போனேன். உள்ளே நுழைந்ததும் திகைத்து நின்றேன். சலவைக்கல் பதித்த வட்ட மேசைகள், வளைத்த மரத்தாலான நாற்காலிகள், சுவரில் ஊசல் கடிகாரம், மூலையில் பூப்போன்ற குழலுடன் கிராமபோன் பெட்டி. 1930-ஆம் ஆண்டைக் கொண்டுவந்து குளிர்சாதன அறைக்குள் வைத்தது போல இருந்தது. கதவு மட்டும் இக்காலத்தது: தடித்த கண்ணாடிக் கதவு.

அங்கே தரும் காப்பியைத் தேர்ந்த தரக் காப்பி என்று சொல்லலாம். பயிற்சி பெற்றோர் காப்பியைச் சுவைத்து நூற்றுக்கு மதிப்பெண் இடுவார்களாம். 80-க்குக் குறையாமல் பெற்ற கொட்டைக்கே அந்தச் சிறப்பு. எங்கள் பள்ளியில் அந்த அளவுகோலை வைத்திருந்தால் வகுப்பில் பாதிப் பேர் தேறியிருக்க மாட்டார்கள். கொட்டை எந்தத் தோட்டத்தில், எத்தனை அடி உயரத்தில் விளைந்தது என்றெல்லாம் ஓர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்கள். இளவறுப்பாக வறுத்து, குடிப்பவர் வந்து அமர்ந்த பின்னரே அரைத்து, தராசில் நிறுத்து, கொதி சற்று அடங்கிய நீரை நூலிழை போல ஊற்றி வடிக்கிறார்கள். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. முதல் வாய் குடித்தபோது கஷாயம் என்றே தோன்றியது. மூன்றாவது வாயில் எலுமிச்சைப் பூவின் மணம் போன்ற ஒன்று தெரிந்தது. ஆயினும் சிக்கரி கலந்து, பித்தளை வடிகட்டியில் இரவே இறக்கிய டிகாக்‌ஷனும் கறந்த பாலுமாக வளர்ந்த நாக்கு இது. ஒரே மாலையில் கட்சி மாற மறுத்துவிட்டது.

அந்தக் கொட்டை சேர்வராயன் மலையில் விளைந்தது என்று அட்டை கூறிற்று. அதைப் படித்து மகிழ்ந்தேன். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் அம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். 200 ஆண்டுகளாக நமக்கு அண்டையிலே விளையும் பொருளை வெளிநாட்டுச் சரக்கு போலச் சீசாவில் அடைத்து வைத்தால்தான் நாம் திரும்பிப் பார்க்கிறோம்.

பக்கத்து மேசையில் இருந்த என் வயதுக்காரர் ஒருவர், "காப்பிக் கடையில் கச்சேரியா? இதெல்லாம் இக்காலத்து நாகரிகம்" என்று முணுமுணுத்தார். அவருக்கு அன்று சொன்னதை மாணவர்களுக்கும் சொல்கிறேன். ஜெர்மனியில் லைப்சிக் என்ற நகரம் இருக்கிறது. பெரும் பல்கலைக்கழகம் உள்ள ஊர். அங்கே சிம்மர்மன் என்பவர் ஒரு காப்பி இல்லம் நடத்தினார். மாணவர்கள் மிகுதியாக இருந்த ஓர் இசைக்குழு அவ்வில்லத்தில் வாரந்தோறும் வாசித்தது. 1729 முதல் பல ஆண்டுகள் அதற்குத் தலைமை தாங்கியவர் யோஹான் செபாஸ்டியன் பாக். மேலை இசையின் மாமேதை எனப் போற்றப்படுபவர், காப்பி மணத்தினிடையே நின்று மாணவர்களை நடத்திச் சென்றிருக்கிறார்!

அவர் காப்பியையே பொருளாக வைத்து நகைச்சுவை இசைநாடகம் போன்ற ஒன்றும் அமைத்தார். மகள் ஓயாமல் காப்பி குடிக்கிறாள். தந்தை வெளியே போகவிட மாட்டேன், புத்தாடை தரமாட்டேன் என்று மிரட்டுகிறார், பெண் அசையவில்லை. கல்யாணம் செய்துவைக்க மாட்டேன் என்றதும் பணிகிறாள். தந்தை மாப்பிள்ளை தேடப் புறப்பட்டதும், காப்பிக்குத் தடை சொல்லாதவன் மட்டுமே தன்னை மணக்கலாம் என்று மெல்லச் செய்தி பரப்பிவிடுகிறாள். அந்நாளில் பெண்கள் காப்பி இல்லங்களுக்குச் செல்வது வழக்கமில்லை. கச்சேரி நாளில் மட்டும் அவர்கள் உள்ளே வரலாம் என்று இருந்ததாகச் சொல்வார்கள். இசை அவர்களுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மார்கழியில் சென்னைச் சபைகளில் பாடகருக்கு நிகராகச் சிற்றுண்டிச் சாலைக்கும் புகழ் உண்டு என்பது ஊரறிந்தது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து செல்லும் ரசிகர்களைப் பற்றி மிருதங்க வித்துவான்கள்தாம் பேசவேண்டும். நான் பேசினால் பகை வரும். ஆனால் நான் சொல்ல வந்தது சபைகளைப் பற்றி அன்று. சிற்றூர்க்காரன் இசை கேட்ட இடத்தைப் பற்றி. கோயில் திருவிழாவில் நாகசுரம் கேட்கலாம். அதை விட்டால், பட்டணத்துக் காப்பிக் கிளப்பில் இருந்த கிராமபோன் பெட்டிதான் அவனுக்குச் சங்கீத சபை.

என் பாட்டனார் வண்டிக்காரர். சுற்று வட்டாரத்து மணிலாக் கொட்டை மூட்டைகளைத் திருவண்ணாமலை மண்டிக்கு ஓட்டிவருவார். மூட்டை இறக்கியதும் காப்பிக் கிளப் ஒன்றுக்குச் செல்வார். எஸ். ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டு அங்கே சுழலும். இருவரும் ஏறக்குறைய ஒத்த வயதினர். கிட்டப்பா 1933-இல் 27 வயதில் மறைந்தபோது சொந்தத் தம்பியை இழந்தவர் போல என் பாட்டனார் இரண்டு நாள் வண்டி பூட்டவில்லை என்று என் பாட்டி கூறக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கிராமபோன் பெட்டியை அவர் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. கிளப்பின் பின்புறச் சந்தில் நின்றுதான் கேட்பார். தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குடும்பம் எங்களுடையது. முன்கட்டில் ஒரு வகுப்பார், நடுக்கட்டில் மற்றவர்கள், எங்களவர்க்குச் சந்து. காப்பியைக் கொட்டாங்கச்சியில் மேலிருந்து ஊற்றுவார்கள். காசு மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பைக் கல்லூரி மாணவர்கள் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 15-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு கடைகளையும் பொது உணவு விடுதிகளையும் ஹோட்டல்களையும் பொதுக் கேளிக்கை இடங்களையும் ஒரே மூச்சில் பெயர் சொல்லி, சாதி முதலியவற்றைக் காரணம் காட்டி யாரையும் அங்கே தடுக்கக்கூடாது என்கிறது. காப்பிக் கடையும் கச்சேரி மண்டபமும் சேர்ந்தே அந்த வரியில் இடம்பெற்றிருக்கின்றன. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. சட்டம் வாசலைத் திறந்தது. ஆனால் 1974-இல், எனக்குப் பதினான்கு வயதில், கட்டுரைப் போட்டியில் கிடைத்த ஐந்து ரூபாயுடன் பாட்டனாரைத் தேரடித் தெரு ஹோட்டலுக்கு அழைத்துச் சென்றேன். உள்ளே வந்தார். உட்கார மறுத்துவிட்டார். "முட்டி வலிக்குதுடா, நின்னே குடிக்கிறேன்" என்றார். முழங்கால் வலிப்பவர் உட்காரத்தானே விரும்புவார்? அதைக் கேட்கும் அறிவு அன்று எனக்கு இல்லை.

அவருக்கு மனக்குறையின்றி இசை தந்தது வானொலிதான். வானொலியில் பேசுவதனால் முகமன் கூறுவதாக எண்ணவேண்டாம். சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்புத் தொடங்கியபோதே கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்து ஊராரைக் கேட்கச் செய்தது. 1938 ஜூன் 16-இல் சென்னை வானொலி நிலையம் பிறந்தது. பின்னர் ஊராட்சி வானொலிப் பெட்டிகள் சிற்றூர்களுக்கும் வந்தன. எங்கள் ஊரில் பெட்டி மேலத்தெருவில்தான் இருந்தது. ஆனால் ஒலிபெருக்கிக்குத் தெரு வேறுபாடு தெரியாது. மதுரை மணி ஐயர் பாடத் தொடங்கினால், என் பாட்டனார் எடுத்த பீடியைப் பற்றவைக்காமலே விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார். ஆம், உட்கார்ந்து.

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். ஒரு மாணவி பாடினாள். ஒருவர் வயலின், ஒருவர் கஞ்சிரா. கிதாருடன் ஓர் இளைஞர். நான்கு பேரும் கல்லூரிப் பிள்ளைகள். மோகன ராகம் எடுத்தபோது அரைக்கும் இயந்திரத்தைக்கூட நிறுத்திவிட்டார்கள். என் கண்கள் தற்செயலாக வாசலுக்குச் சென்றன. கண்ணாடிக்கு அப்பால் வறுத்த கடலை விற்கும் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் கரண்டியை நிறுத்திவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு எங்கள் வாயசைவுதான் தெரிந்திருக்கும். என் பாட்டனார் காலத்தில் காணமுடியாது, கேட்க முடிந்தது. இன்று காண முடிகிறது, கேட்க முடியவில்லை. தடுப்பவர் யாரும் இல்லை. விலைப்பட்டியலில் ஒரு கோப்பை 180 ரூபாய் என்று இருக்கிறது, அவ்வளவுதான். நான் குடித்ததும் அந்த விலைக் காப்பிதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கச்சேரி முடிந்ததும் கடைக்காரரிடம், "தம்பி, பாட்டு நேரத்தில் மட்டும் கதவைத் திறந்து வையேன்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. குளிர்சாதனம் வீணாகும், வேலூர்ச் சாலை லாரிகளின் இரைச்சல் வரும், ஏரிக் கொசு வரும், பணம் கொடுத்து வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், வங்கிக் கடன் தவணை இருக்கிறது என்று அடுக்கினார். ஒவ்வொன்றும் நியாயமே. "பழைய காலத்து மேசையைத் தேடி வாங்கினாய், பழைய சந்தையும் ஏன் கட்டினாய்?" என்று கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. என் பாட்டனாரைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது கதவு திறந்திருந்தது. படியோரம் இரண்டு மரப்பெஞ்சுகள். டம்ளரும் டபராவுமாக 20 ரூபாய்க்கு வடிகட்டிக் காப்பி. உள்ளே மின்விசிறிகள் சுழன்றன. கொசுவும் வந்தது. பல்லவியின் நடுவே ஒரு லாரி நீளமாக ஊதிற்று. பாடிய பெண் சிரித்துவிட்டு எடுப்பிலிருந்து மீண்டும் தொடங்கினாள். நான் உள்ளே போகாமல் பெஞ்சில் அமர்ந்தேன். கடலைக்காரர் கையில் டம்ளருடன் பக்கத்தில் நின்றார். "உட்காருங்கள்" என்று நகர்ந்து இடம் விட்டேன்.

"வண்டியைப் பார்த்துக்கணும் ஐயா" என்றார்.

வண்டி எங்கள் இருவர் கைக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சற்று நேரம் கழித்து அதன் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டைக் கொடுத்துவிட்டு வந்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.